கிரீன் டீ: கோப்பை வேறு, குப்பி வேறு

கிரீன் டீக்கென்று தனிச்செடி கிடையாது. டீக்கடை பாய்லரில் கொதிக்கும் தூளும், டப்பாவில் வரும் கிரீன் டீயும் ‘காமெலியா சைனென்சிஸ்’ என்ற ஒரே செடியின் கொழுந்துதான். குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துச் சிறு விவசாயிகள் கிலோ கணக்கில் ஆலைக்குக் கொடுக்கும் ‘பச்சைத் தேயிலை’ என்பது பறித்த இலையைத்தான் குறிக்கும். அது எந்த வகைத் தேநீராகும் என்பது அதற்குப் பிறகு நடக்கும் பக்குவத்தைப் பொறுத்தது.

நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாமல் வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடும். காயில் உள்ள ஒரு நொதி காற்றுடன் சேர்ந்து செய்யும் வேலை அது. தேயிலையிலும் அதே வகை நொதி உண்டு. வழக்கமான டீத்தூளுக்கு, இலையை வாட்டி, நசுக்கி, காற்றுபட வைத்து, அந்த நொதியை வேலை செய்யவிடுகிறார்கள். இலை செம்பழுப்பாகிறது, நிறமும் கடுப்பும் ஏறுகின்றன. கிரீன் டீக்கு இலையைப் பறித்த கையோடு சூடு காட்டுகிறார்கள். ஜப்பானில் பெரும்பாலும் ஆவியில் வேகவைப்பார்கள்; சீனாவில் சூடான வாணலியில் வறட்டுவார்கள். சூட்டில் நொதி செயலிழக்க, இலையின் பச்சையும் அதிலுள்ள ‘கேட்டச்சின்’ என்ற வேதிப்பொருள்களும் பெருமளவு அப்படியே தங்குகின்றன.

கோப்பைக்குள் இருப்பது என்ன?

கிரீன் டீயைப் பற்றிப் பேசப்படும் நன்மை, தீமை இரண்டுக்கும் மையம் இந்தக் கேட்டச்சின்கள்தான். அவற்றில் முதன்மையானது சுருக்கமாக இ.ஜி.சி.ஜி. எனப்படுகிறது. ஒரு கோப்பையில் இது தோராயமாக 50 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். கூடவே காஃபீனும் 30 முதல் 50 மில்லிகிராம் வரை உண்டு. ஒரு கோப்பை காபியில் இருப்பதில் இது பாதி அல்லது அதற்கும் குறைவு. இலையின் ரகம், ஊறும் நேரம், நீரின் சூடு ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவுகள் மாறும்.

ஆய்வுகள் காட்டும் நன்மை

கிரீன் டீயின் புகழுக்குப் பெரிதும் ஆதாரமாகக் காட்டப்படுவது ஜப்பானின் ஒசாகி பகுதியில் நடந்த ஆய்வு. 40 முதல் 79 வயதுக்குட்பட்ட 40,530 பேரை 11 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. நாளுக்கு ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டபோது, ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் ஒட்டுமொத்த இறப்பு ஆண்களில் 12 சதவீதமும் பெண்களில் 23 சதவீதமும் குறைவாக இருந்தது. இதய, ரத்தநாள நோய்களால் நேர்ந்த இறப்பில் வித்தியாசம் இன்னும் அதிகம். புற்றுநோய் இறப்பில் மட்டும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இத்தகைய ஆய்வு பழக்கத்தையும் விளைவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறதே தவிர, ஒன்றால்தான் மற்றொன்று நேர்ந்தது என்று நிரூபிப்பதில்லை. கிரீன் டீ குடிப்பவர்கள் உணவிலும் நடைப்பயிற்சியிலும் கவனமாக இருப்பவர்களாகவும் இருக்கலாம். ஆட்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கிரீன் டீ கொடுத்துப் பார்த்த சோதனைகளில் கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் சிறிதளவு குறைந்தன. அந்தக் குறைவு மருந்துக்கு மாற்றாகும் அளவுக்கு இல்லை.

புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் பலவீனமானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 142 ஆய்வுகளை அலசியது. அவற்றில் பங்கேற்றவர்கள் 11 லட்சம் பேருக்கு மேல். முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருந்தன.

எடை குறையுமா என்ற கேள்விக்கு அதே அமைப்பு 2012-இல் பதில் சொல்லிவிட்டது: கிரீன் டீ தயாரிப்புகளால் குறையும் எடை மிகச் சொற்பம், மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் வேறொரு வழியில் பலன் உண்டு. நாளுக்கு நான்கு முறை இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு டீ குடிப்பவருக்குச் சர்க்கரையால் மட்டுமே சுமார் 160 கலோரி சேர்கிறது. அந்த இடத்தில் சர்க்கரையில்லாத கிரீன் டீ வந்தால் அந்தக் கலோரி மிச்சம். இளைக்க வைப்பது இலையல்ல, விட்ட சர்க்கரை.

கல்லீரலும் குப்பியும்

கிரீன் டீயின் பெயரால் பதிவாகியுள்ள கடுமையான கேடுகளில் பெரும்பாலானவை, இலையிலிருந்து செறிவாக எடுத்த சாற்றை அடைத்த மாத்திரைகள், கேப்ஸ்யூல்களால் வந்தவை. உடல் இளைக்க விற்கப்பட்ட ‘எக்ஸோலைஸ்’ என்ற சாறு, கல்லீரல் பாதிப்புப் புகார்களுக்குப் பிறகு 2003-இல் பிரான்சு, ஸ்பெயின் சந்தைகளிலிருந்து விலக்கப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீடு, வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பதைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றது. ஆனால் துணைமாத்திரை வழியாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இ.ஜி.சி.ஜி. உட்கொண்டால் கல்லீரல் நொதிகள் உயர்வதைச் சுட்டிக்காட்டியது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குச் சட்ட வரம்பே விதித்தது.

கோப்பையில் அந்த அளவை எட்டக் குறைந்தது எட்டு முறையாவது குடிக்க வேண்டும். அதுவும் நாள் முழுவதும் பிரிந்து, சிறுகச் சிறுக உள்ளே போகும். மாத்திரையிலோ ஒரே விழுங்கலில் பெரும் அளவு இறங்கிவிடுகிறது. வெறும் வயிற்றில் போட்டால் இ.ஜி.சி.ஜி. ரத்தத்தில் ஏறும் அளவும் கூடுகிறது. சிலருக்குப் பரம்பரையாக அமைந்த மரபணு வகையும் இந்தப் பாதிப்புக்கு வழிவிடுவதாக அமெரிக்க ஆய்வுகள் கண்டுள்ளன. ஆகவே ஒருவருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை அடுத்தவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற உறுதி இல்லை.

இரும்புச்சத்தும் மருந்தும்

கீரை, பருப்பு, கேழ்வரகு போன்றவற்றிலுள்ள இரும்புச்சத்தைத் தேநீரின் கேட்டச்சின் உள்ளிட்ட பாலிஃபீனால்கள் பிடித்துக்கொள்கின்றன. குடலால் அதை முழுதாக உறிஞ்ச முடிவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த நிலையில், சாப்பிட்டு எழுந்தவுடன் ‘செரிக்கட்டும்’ என்று கிரீன் டீ குடிப்பது தவறான நேரம். உணவுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது.

சில மருந்துகளோடும் கிரீன் டீ மோதும். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நாடோலால் மருந்தை வைத்து ஜப்பானில் பத்துப் பேரிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2014-இல் வெளியானது. இரண்டு வாரம் தினமும் 700 மில்லிலிட்டர் கிரீன் டீ குடித்தபின் மருந்தைக் கொடுத்தபோது, ரத்தத்தில் அதன் அளவு சுமார் 85 சதவீதம் சரிந்திருந்தது. மருந்தைக் குடலிலிருந்து உள்ளே கொண்டு செல்லும் புரதத்தைக் கேட்டச்சின்கள் தடுப்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும், பார்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்து பெறுபவர்களும் கிரீன் டீ பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

கர்ப்பிணிகள் காஃபீனை நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. காபி, டீ, கிரீன் டீ எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். தூக்கம் வராதவர்கள் மாலைக்குப் பிறகும், வயிற்றெரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றிலும் தவிர்க்கலாம்.

எப்படி, எவ்வளவு?

கொதிக்கும் நீரை இலைமேல் ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் கூடும். அடுப்பை அணைத்துச் சில நிமிடம் ஆறவிட்டு, சுமார் 80 டிகிரியில் இலையைப் போட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். பிறகு மிதமாக ஆறியதும் குடிக்கலாம். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடிப்பதும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் வகைப்படுத்தியுள்ளது.

நோய்நொடி இல்லாத பெரியவர்களுக்கு நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை ஓர் இதமான பானம். மாத்திரையாகக் கைக்கு வந்தால் அதை மருந்தாகவே பாவிக்க வேண்டும். அதை எடுத்துக்கொள்ளும் நாட்களில் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, காரணமில்லாத அசதியும் வயிற்றுவலியும் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.