உங்கள் கண்வில்லைக்கு உங்களைவிட வயது அதிகம், தெரியுமா?

லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் காலை பஸ்ஸில், கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டியாவது இருப்பார். புரை ஒப்பரேஷனுக்கு முன்னால் கண்ணைப் "படம் பிடிக்க" வரச் சொல்லியிருப்பார்கள். கண்ணைத் திறந்து வில்லையை மாற்றிவிட்டால் முடிந்ததே, படம் எதற்கு? அங்கேதான் ஆச்சரியமே ஆரம்பிக்கிறது!

முதலில் அந்த வில்லையின் கதை. குறுக்களவு சுமார் 9 மில்லிமீற்றர், தடிப்பு சுமார் 4 மில்லிமீற்றர், எடை ஏறத்தாழ கால் கிராம். இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. நரம்பும் கிடையாது! ஆனாலும் அது வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது. வெங்காயம்போல அடுக்கடுக்காக! புதிய அடுக்கு வெளியே சேரச் சேர, பழையது உள்ளே நெருங்கும். எதுவும் வெளியேறுவதில்லை. அப்படியானால் நட்டநடுவில் இருப்பது? நீங்கள் தாய் வயிற்றில் இருந்தபோதே உருவானது!

இதை வைத்து ஒருவர் பிறந்த ஆண்டையே கணிக்கலாம், தெரியுமா? 1950களிலும் 60களிலும் வானத்தில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் எகிறியது. அது உணவு வழியாக வில்லையின் நடுவிலும் போய்ப் பதிந்தது. இறந்தவர்களின் வில்லையை அளந்து 2008இல் டென்மார்க் ஆய்வாளர்கள் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்! 2016இல் இதே வித்தையைக் கிரீன்லாந்துச் சுறாவிடம் காட்டினார்கள். அளந்தவற்றில் மிகப் பெரிய சுறாவின் வயது? குறைந்தது 272!

சரி, புரை என்பது கண்மேல் வளரும் தோலா? இல்லவே இல்லை! வில்லைக்குள் இருக்கும் புரதங்கள் கட்டிபட்டு, கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது மஞ்சளாகவோ, பழுப்பாகவோ, வெள்ளையாகவோ மாறிவிடுகிறது. உலகில் 9 கோடி 40 இலட்சம் பேருக்குப் பார்வை குன்றியிருப்பது இதனால்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மின்சாரமே இல்லாத காலத்தில் வில்லையை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? ஒரே ஒரு மெழுகுதிரி! இருட்டறையில் கண் முன்னால் சுடரைப் பிடித்தால் கண்ணுக்குள் ஒன்றல்ல, நான்கு சுடர்கள் தெரியும். 1823இல் விஞ்ஞானி பூர்கின்யே எழுதிவைத்த விந்தை இது. நான்காவது சுடர் வில்லையின் பின்பக்கத்திலிருந்து, தலைகீழாகத் தெரியும். அது காணாமல் போனால்? புரை!

இன்னொன்று கேளுங்கள். ஒஸ்திரிய இராணுவ கப்டன் தியோடர் ஷைம்ஃப்ளூக் 1904இல் ஒரு காப்புரிமை பெற்றார். பலூனிலிருந்து எடுத்த படங்களில் கோணல் விழாமல் வரைபடம் செய்யும் வழி. கமராவைச் சாய்த்துப் பிடித்தாலும் படம் முழுவதும் தெளிவாக வரவைக்கும் அந்தச் சூத்திரம் இன்று எங்கே இருக்கிறது? கண் ஸ்கேன் மெஷினுக்குள்! கமரா கண்ணைச் சுற்றிச் சுழன்று, இரண்டு வினாடிக்குள் 25 வெட்டுமுகப் படங்களை எடுத்து, வில்லை எந்த இடத்தில் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று எண்ணிலேயே சொல்லிவிடும். நிலத்தை அளக்கப் பிறந்தது, கண்ணை அளக்கிறது!

கண்ணை அளக்காமல் புது வில்லையை வைத்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை உண்டு! இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கண்ணாடிக்கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்தன. அவை கண்ணுக்குள்ளேயே இருந்தும் கண் அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. இதைக் கவனித்தார் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி. 1949 நவம்பர் 29, லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலை. அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த முதல் வில்லை மனிதக் கண்ணுக்குள் போனது! எல்லாம் சரி, பவர்தான் கோட்டைவிட்டது. அந்த நோயாளிக்குக் கண்ணாடி மைனஸ் 15ஐயும் தாண்டிவிட்டது! கண்ணின் நீளத்தை அளந்து பவரைக் கணக்கிடும் வழி அப்போது இல்லை.

கண்ணின் நீளத்தில் வெறும் 1 மில்லிமீற்றர் பிசகினால் பவர் எவ்வளவு பிசகும் தெரியுமா? ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று வரை! சராசரிக் கண்ணின் நீளமே 23 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதனால்தான் அந்தப் படம், அந்த அளவு, அந்தக் காத்திருப்பு எல்லாம்!

1999இல் கண்ணைத் தொடாமலே ஒளியால் அளக்கும் மெஷின் வந்தது. ஆனால் ஒளிக்கும் ஒரு எல்லை இருக்கிறது. புரை நன்றாக முற்றிவிட்டால் அந்தக் கதிர் உள்ளே போகாது! அப்போது கைகொடுப்பது ஒலி. நம் காதுக்குக் கேட்காத ஒலி, கண்ணின் நீர்ப்பகுதியில் வினாடிக்கு 1,532 மீற்றர் வேகத்தில் ஓடும். வில்லைக்குள் நுழைந்தால் 1,641! எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்தே நீளம் கிடைத்துவிடும். அளக்கிறவர் கை சற்று அழுத்திவிட்டால் கண் அமுங்கி அளவு குறைந்துபோகும். அவ்வளவு நுணுக்கம்! வெள்ளை வில்லைக்குப் பின்னால் விழித்திரை ஒழுங்காக இருக்கிறதா என்று காட்டுவதும் ஒலிப்படம்தான்.

கண்ணுக்குள் வைக்கும் இந்தச் செயற்கை வில்லைகள் எங்கே தயாராகின்றன? மதுரையிலும்தான்! 1976இல் 11 கட்டிலுடன் டொக்டர் ஜி. வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஒரோலாப் என்ற தொழிற்சாலையையும் தொடங்கியது. விலை மடமடவென்று இறங்கியது! அங்கே கண்ணை அளக்கிறவர்களில் பலர் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள்.

கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஒரு கொசுறு! நாற்பது தாண்டினால் வில்லை விறைத்து, கிட்ட இருப்பது தெளிவாகத் தெரியாது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் அப்படிப்பட்டவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி இல்லாதவர்களைவிட அவர்களின் உற்பத்தி 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது! 2018இல் வெளிவந்த ஆய்வு இது. சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் தோட்ட நிர்வாகங்கள் பார்க்கலாமே!

"ஒரு நாள் பேர் போயிடும், புரை முத்தட்டும், பிறகு பார்ப்போம்" என்று லயத்தில் யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். முற்றினால் அளப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். இப்போதே கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கண்ணாடியையும் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்!