வழக்குரையும் விற்பனையும்

வணிகத் துறையிற் புகும் மாணவர்க்குப் பொருளை எடுத்துரைக்கும் முறையைக் கற்பிக்கச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையினுஞ் சிறந்த பாடம் பிறிதில்லை என்பது எம் கருத்து.

பாண்டியன் அவையிற் கண்ணகி தன் ஊரையுங் குடியையுஞ் சுருங்க உரைத்து, வழக்கின் முடிச்சையே பற்றினாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்பிற் பரல் முத்தென அரசனே மொழிந்தான். இருவர் கூற்றும் அவையறிய நின்ற பின்னரே சிலம்பை உடைத்தாள். மணி தெறித்தது, மன்னன் தன் பிழையைத் தானே உணர்ந்தான்.

விற்பனையாளரும் வாங்குவோரின் ஐயத்தை முதலில் அறிந்து, அதனைத் தீர்க்குஞ் சோதனைக்கு அவரை உடன்படுத்தல் வேண்டும். சாயம் போகுமோ என அஞ்சுவார்க்குத் துணியை நனைத்துக் காட்டுக. தீர்ப்பை அவரே கூறட்டும்.

ஒன்றை மட்டும் நாம் மறத்தலாகாது. உள்ளே மாணிக்கம் இல்லாதவன் சிலம்பை உடைக்கத் துணியான்.