கூட்டி எழுதிய வயது

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களிலிருந்து பெண்மக்களைத் தனியே அரபு நாடுகளுக்கு அனுப்பும் பெற்றோர்களே! இலங்கை மூதூரைச் சேர்ந்த ரிஸானா நஃபீக்கை மறந்துவிடாதீர்கள்.

1988-இல் பிறந்த அந்த ஏழைச் சிறுமி, ஆறு வயது கூட்டி எழுதப்பட்ட பாஸ்போர்ட்டுடன் 2005 மே மாதம் வீட்டு வேலைக்காகச் சவூதி அரேபியா சென்றாள். அதே மாதம் அவள் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. பால் புகட்டுகையில் மூச்சுத் திணறியதென்று கூறினாள்; கொலைக் குற்றமோ சுமத்தப்பட்டது. தகுதியான மொழிபெயர்ப்பாளரும் விசாரணையில் அமையவில்லை. உண்மை வயது 17; பாஸ்போர்ட்டிலோ 23. சிறுமியென்ற பாதுகாப்பு அவளுக்குக் கிட்டவில்லை. 2013 ஜனவரி 9-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

நம் நாட்டிலோ, பத்தாம் வகுப்புத் தேறாத, 30 வயது நிரம்பாத பெண்களை வளைகுடா வீட்டு வேலைக்குச் செல்ல அரசு அனுமதிப்பதில்லை. இத்தடையைத் தாண்டவே சில ஏஜெண்டுகள் வயதைத் திருத்துகின்றனர். அல்லது விசிட் விசாவில் அனுப்புகின்றனர். அவ்வாறு செல்பவளுக்குத் தூதரகம் சரிபார்த்த ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை.

ஆகவே, பயணத்துக்கு முன் பாஸ்போர்ட்டிலுள்ள பிறந்த தேதியை நீங்களே படித்துப் பாருங்கள். வேலை ஒப்பந்தத்தின் நகலையும், இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் அவளிடமும் வீட்டிலும் வைத்திருங்கள். அயல்நாட்டில் தனித்திருப்பவளுக்கு உண்மையான ஆவணமே முதல் துணை.