கடலோர விடுமுறை வீடு: ஆழம் தெரிந்து காலை விடுவோம்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இந்தத் தடவை எங்கே போகலாம்?" என்பதுதான். கோலாலம்பூர், கிள்ளான், சிரம்பான் பக்கம் இருப்பவர்களுக்கு உடனே வாயில் வரும் பெயர் போர்ட்டிக்சன். காலைப் பசியாறல் முடிந்து காரில் ஏறினால், மதியச் சாப்பாட்டுக்கு முன் கடலில் கால் நனைத்துவிடலாம்.

ஒரு காலத்தில் பாயும் சோற்றுப் பானையுமாகப் போய் அன்றே திரும்பிவிடுவோம். இப்போது தாத்தா பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை குடும்பங்கள் என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஒரு முழு வீட்டையே இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுக்கும் வழக்கம் பரவிவிட்டது. இது நல்ல வழக்கம். தங்கும் விடுதியில் ஆளுக்கோர் அறையில் அடைந்து கிடப்பதைவிட, ஒரே கூரையின் கீழ் ஒன்றாக உட்கார்ந்து பேசும் சுகமே தனி.

ஆனால் வீட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? படத்தில் கடல் தெரிகிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா, விலை என்ன என்று பார்த்துவிட்டு முன்பணத்தை அனுப்பிவிடுகிறோம். யார் யார் வருகிறார்கள், அவர்களுக்கு அந்த வீடு ஒத்துவருமா என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம். இந்த வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஹோம்ஸ்டே என்பது எது?

முதலில் பெயரில் இருக்கும் குழப்பத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஹோம்ஸ்டே என்பது நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு, பகாங் மாநிலத்தின் தெமர்லோ வட்டாரத்தில் உள்ள டேசா முர்னியில் தொடங்கப்பட்ட அரசாங்கத் திட்டத்தின் பெயர். அதில் விருந்தினர், கிராமத்துக் குடும்பத்தாருடன் அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு வருவார்கள். நாம் போர்ட்டிக்சனில் சாவியை வாங்கிக்கொண்டு தங்குவது அதுவல்ல. அது குறுகிய கால வாடகை வீடு. இரண்டையும் மக்கள் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். ஆகவே, "ஹோம்ஸ்டே" என்று எழுதியிருப்பதாலேயே அந்த வீடு அரசாங்கத்தில் பதிவு பெற்றது என்று எண்ணிவிட வேண்டாம்.

பணம் அனுப்பும் முன்

இல்லாத வீட்டுக்கு வாடகை வாங்கும் மோசடிகள் விடுமுறைக் காலத்தில் தலைதூக்கும். வேறு ஒருவரின் வீட்டுப் படங்களை எடுத்து முகநூலில் போடுவார்கள். விலை மலிவாக இருக்கும். "இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், உடனே பணம் போடுங்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். அங்கே போய் நின்றால், அந்த முகவரியில் காலி நிலமோ முன்பின் தெரியாத ஒரு குடும்பமோதான் இருக்கும்.

இதைத் தவிர்க்கச் சில எளிய வழிகள் உண்டு. வீட்டின் முழு முகவரியைக் கேளுங்கள். புலனத்தில் காணொளி அழைப்பு எடுத்து, வாசல் கேட்டிலிருந்து சமையலறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான உரிமையாளருக்கு இது ஐந்து நிமிட வேலை. கொடுக்கப்பட்ட வங்கிக் கணக்கு எண்ணைப் போலீஸ் துறையின் 'செமாக் மியூல்' அகப்பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மோசடிப் புகாரில் சிக்கிய எண்ணாக இருந்தால் அங்கே தெரியவரும். பெயர் வரவில்லை என்பதற்காகவே முழுதாக நம்பிவிடவும் கூடாது. பணம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது என்றால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக் கொண்டே இருக்கும்.

அடுக்குமாடி வீடு என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "இங்கே குறுகிய கால வாடகைக்கு நிர்வாகம் அனுமதிக்கிறதா?" கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்று தொடர்பான வழக்கில், இத்தகைய வாடகையைத் தடுக்கும் துணை விதியை நிர்வாகக் கழகம் கொண்டுவர முடியும் என்று 2020ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டு உரிமையாளர் சம்மதித்தாலும், தடையுள்ள இடத்தில் காவலாளி உங்களை வாசலிலேயே நிறுத்திவிடலாம். பெட்டி படுக்கையோடு, வயதான தாயாரோடு அங்கே நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

பாட்டிக்கு ஏற்ற வீடா?

இப்போது வருபவர்களின் பட்டியலை எடுங்கள். முட்டி வலியுள்ள பாட்டி இருக்கிறாரா? கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும், உட்கார்ந்து போகும் கழிப்பறையும் இருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் என்றால் கட்டில் எத்தனை, குளியலறை எத்தனை என்று கேளுங்கள். "பதினைந்து பேர் தங்கலாம்" என்ற விளம்பரத்தில் ஏழு பேர் தரையில் மெத்தை போட்டுப் படுக்கும் கணக்கும் சேர்ந்திருக்கலாம்.

சமையல் விஷயத்தை மறைக்காமல் பேசிவிடுங்கள். முஸ்லிம் உரிமையாளர்கள் பலர், ஹலால் அல்லாத இறைச்சியும் மதுபானமும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நிபந்தனை வைப்பார்கள். சிலர் எண்ணெய்ப் பொரியலையும் மீன் கறியையும் விரும்பமாட்டார்கள். அது அவர்கள் வீடு. அந்த விதியை மதிப்பதே முறை. நமக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு வீடு பார்க்கலாம். போன பிறகு ஒளித்து வைத்துச் சமைப்பதும், வைப்புத்தொகையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சண்டை போடுவதும் நமக்கு அழகல்ல.

கடலுக்கும் நேரம் உண்டு

"படத்தில் நீலக் கடல், போய்ப் பார்த்தால் சேறு" என்பது அடிக்கடி கேட்கும் குறை. பெரும்பாலும் இதில் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. மலாக்கா நீரிணைக் கரையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்ற நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே இதைச் சொல்லிவிடும். போகும் நாளின் கடலேற்ற அட்டவணையைப் பார்த்துக்கொண்டால், குளிக்க ஏற்ற நேரமும் வற்றிய கரையில் பிள்ளைகள் நண்டும் சிப்பியும் தேடும் நேரமும் தெரிந்துவிடும்.

பருவமும் முக்கியம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத் தாக்கும். செராத்திங், திரங்கானுப் பக்கம் ஆண்டிறுதியில் வீடு எடுத்தால் சன்னல் வழியே மழையைத்தான் பார்க்க நேரிடும். அந்த மாதங்களில் மேற்குக் கரையே பாதுகாப்பான தேர்வு. இன்னொரு வேறுபாடும் உண்டு: கிழக்குக் கரையில் கடலிலிருந்து சூரியன் எழும், மேற்குக் கரையில் கடலுக்குள் சூரியன் இறங்கும். அதிகாலையில் எழாத குடும்பத்துக்குப் போர்ட்டிக்சன்தான் சரி!

கண் எடுக்கக் கூடாத இடம்

நீச்சல் குளம் உள்ள வீட்டைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டிக் கூப்பிடுவதுமில்லை. ஓசையின்றிச் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பத்துப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில்தான் இந்த ஆபத்து அதிகம். ஏனென்றால், இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுகிறோம். ஆகவே முறை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருவர், கையில் கைப்பேசி இல்லாமல், குளத்தருகே உட்காரட்டும். குளத்துக்கு வேலியோ பூட்டும் கதவோ உண்டா என்று முன்பே கேளுங்கள். கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் யாரும் இறங்கக் கூடாது.

மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கோழி சுடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உயிரைக் குடித்துவிடும்.

அம்மாவுக்கும் விடுமுறை

நம் குடும்பப் பயணங்களில் எல்லாரும் கடலில் இருக்க, அம்மாவும் அத்தையும் மட்டும் சமையலறையில் இருப்பார்கள். வீட்டிலும் அதே அடுப்பு, இங்கேயும் அதே அடுப்பு என்றால் அவர்களுக்கு இது என்ன விடுமுறை? ஒரு வேளை வெளியே சாப்பிடலாம். ஒரு வேளை ஆண்கள் சமைக்கலாம். மசாலாவை வீட்டிலேயே அரைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகலாம். பாத்திரம் கழுவப் பிள்ளைகளைப் பழக்கலாம்.

பிறகு எல்லாரும் சேர்ந்து வெளியே வாருங்கள். போர்ட்டிக்சன் அருகில் தஞ்சோங் துவான் காட்டு முனை இருக்கிறது. நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தாலும் அது மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த நிலம். உச்சியில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1863ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்ராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடலைக் கடந்து தேன் பருந்துகள் கூட்டங்கூட்டமாக இங்கே கரையேறும். களைத்து வரும் அந்தப் பறவைகள், வெயில் ஏறியதும் சூடான காற்றில் வட்டமிட்டு மேலே உயர்வதைப் பார்க்கலாம். அண்ணாந்து பார்த்தால் போதும்.

விலையுயர்ந்த வீடுதான் நல்ல வீடு என்பதில்லை. பாட்டி யார் கையையும் பிடிக்காமல் நடமாடக்கூடிய, பிள்ளைகள் பத்திரமாக விளையாடக்கூடிய, அம்மா சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கக்கூடிய வீடே நல்ல வீடு. அடுத்த விடுமுறைக்கு முன்பணம் அனுப்பும் முன், வருபவர்கள் பட்டியலை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அந்தத் தாளிலிருந்தே உங்களுக்குக் கிடைத்துவிடும்.