தறிவீடும் ஆலைச் சங்கும்

ஆலைத் தொழில் வந்ததனால் என்ன மாறியது என்று கேட்டால், பண்டங்கள் மலிந்தன, கைத்தொழில்கள் நலிந்தன என்று விடை கூறுவது வழக்கம். அது உண்மையே, ஆயினும் பாதி உண்மை. மனிதன் விற்கும் பொருளே மாறிவிட்டது என்பது மற்றைப் பாதி. முன்பு அவன் தான் நெய்த துணியை விற்றான். ஆலைக்குள் புகுந்த பின் தன் நேரத்தை விற்கலானான். சங்கொலி, மாதச் சம்பளம், தொழிற்சங்கம், வேலைநேரச் சட்டம் ஆகிய யாவும் இம்மாற்றத்தின் வழியே வந்தவை.

சென்னையிலிருந்து கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், சுவர்ணமுகி ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் நாயுடுபேட்டை. அங்கு வாழும் தமிழ் நேயர்கள் இம்மாற்றத்தின் இரு முனைகளையும் அண்மையிலேயே காணலாம். மேற்கே வெங்கடகிரி, நுண்ணிய நூலும் ஜரிகையும் இழைந்த கைத்தறிச் சேலைகளுக்குப் பெயர் பெற்றது. ஊரை அடுத்த மேனகூரிலும், தெற்கே தடா, ஸ்ரீசிட்டி ஆகிய இடங்களிலும் புதிய ஆலைகள் எழுந்துள்ளன.

முதலில் தறிவீட்டை நோக்குவோம். அங்கே வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. குழித்தறியில் ஒருவர் அமர்ந்து நெய்வார். அவர் பின்னே குடும்பம் முழுவதும் உழைக்கும். பெண்கள் நூல் இழைப்பர், தார் சுற்றுவர். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பர். மழை வந்தால் அவ்வேலை நின்றுவிடும். திருவிழா வந்தால் தறியும் ஓயும். தொழில் நுட்பம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. எப்பொழுது எழுவது, எப்பொழுது ஓய்வது என்பதை அவ்வீடே முடிவு செய்தது.

இதைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிடவும் கூடாது. நூலுக்கு வணிகரிடம் முன்பணம் பெற்று, அக்கடனிலேயே ஆயுளைக் கழித்த நெசவாளர் பலர். பிறந்த சாதியே தொழிலை வகுத்தது. பெண்ணின் உழைப்பு சேலையில் கலந்ததேயன்றி, அவள் பெயரில் கூலியாக வரவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1733-இல் ஜான் கே விசைநாடாவை அமைத்தார். 1769-இல் ஆர்க்ரைட் நீர்விசையால் நூற்கும் யந்திரத்திற்கு உரிமை பெற்றார். 1785-இல் கார்ட்ரைட் விசைத்தறியைக் கண்டார். நீர்ச்சக்கரமும் நீராவி யந்திரமும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை; ஆகவே தொழிலாளி தன் வீட்டை விட்டு அவை இருக்குமிடம் செல்ல வேண்டியதாயிற்று. பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய யந்திரம் சும்மா நிற்பதை முதலாளி விரும்பமாட்டார் அல்லவா? எனவே மனிதன் யந்திரத்தின் கதிக்கு இசைந்து நடக்கலானான்.

நம் நாட்டில் முதல் அடி விழுந்தது நெசவாளர் மீதன்று. வீட்டிலிருந்து நூற்ற பெண்கள் மீது. ஆலைநூல் மலிவாக வந்தபோது இராட்டினங்கள் ஓய்ந்தன. நெசவாளரோ அதே ஆலைநூலை வாங்கித் தம் தறியை ஓட்டினார். கைத்தறி பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னைப் பெரம்பூரில் 1876-இல் பக்கிங்காம் ஆலை தோன்றியது. சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலையும் எழுந்தது. ஆலையின் சங்கே தொழிலாளர் குடும்பங்களின் கடிகாரமாயிற்று. நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே இடைவேளை. அது போதாது என்பது தொழிலாளரின் பெருங்குறை. நேரத்தை விற்றவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் உரிமைப் பொருளாகிவிட்டதை இது காட்டுகிறது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியால், பி. பி. வாடியாவின் தலைமையில், 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் அதில் பெரும் பங்கு கொண்டார்.

ஆலை, பல சமூகத்தினரை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. ஆயினும் ஒரே கூரை ஒரே மனத்தை உடனே ஆக்கிவிடவில்லை. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளரிடையே சாதிப் பிளவு மூண்டு, புளியந்தோப்பில் கலகம் விளைந்தது. ஒற்றுமை பட்டுணர்ந்து கற்க வேண்டிய பாடமாயிற்று. அந்த ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன.

சட்டமும் மெல்லவே வந்தது. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதிற்குட்பட்ட குழந்தைகளை ஆலையில் அமர்த்தலாகாது என்று மட்டுமே விதித்தது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவரை நாளொன்றுக்கு 9 மணி நேரம் வேலை வாங்க இடமளித்தது. 1911-இல் நெசவாலை ஆடவருக்கு 12 மணி என்று வரம்பு கட்டினர். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என்ற அளவையும், மிகைநேர உழைப்பிற்கு இரட்டிப்புக் கூலியையும் வகுத்தது.

இன்றைய நிலை என்ன? 2019–20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர் உள்ளனர். பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். மறுபுறம், தடாவை அடுத்த காலணி ஆலையிலும், ஸ்ரீசிட்டியின் கைபேசி ஆலையிலும் சிற்றூர்ப் பெண்கள் பெருந்தொகையில் பணிபுரிகின்றனர். தறிவீட்டில் கிடைக்காத ஒன்று, தம் பெயரில் வரும் சம்பளம், இவர்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் தறி நெசவாளருடைய சொத்து. ஆலை யந்திரம் தொழிலாளியின் சொத்தன்று. ஆலை மூடப்பட்டால் கையில் மிஞ்சுவது சேமிப்பும் கற்ற கல்வியுமே.

ஆகவே, மகனையோ மகளையோ ஆலைக்கு அனுப்பும் பெற்றோர் சம்பளத் தொகையை மட்டும் கேட்டு அமைந்துவிடலாகாது. வேலைநேரம் எவ்வளவு, மிகைநேரத்திற்குக் கூலி என்ன, வார விடுமுறை உண்டா, வைப்புநிதி பிடிக்கப்படுகிறதா என்ற நான்கையும் கேட்டறிதல் வேண்டும். துணியை விற்ற நெசவாளர் அதன் முழத்தையும் விலையையும் அறிந்தே விற்றார். நேரத்தை விற்கும் தொழிலாளியும் அவ்வாறே அதன் அளவையும் விலையையும் அறிந்திருப்பது இன்றியமையாதது.