சாவியைத் திருப்பினால் நிகழ்வது என்ன?

விதைப்புக்கேற்ற ஈரம் நிலத்தில் நெடுநாள் நிற்பதில்லை. சங்கத்து டிராக்டருக்கு முறை எழுதி வைத்து அங்கத்தினர்கள் காத்திருக்கும் வேளையில், டிரைவர் சாவியைத் திருப்ப, ‘டிக்’கென்ற ஓசையோடு வண்டி ஓய்ந்துவிடுவதுண்டு. அப்போது பொறுமையிழந்த ஒருவர் திருப்புளியும் கையுமாகக் குனிந்து, மோட்டாரின் இரு முனைகளையும் அதனால் இணைத்து எஞ்சினைக் கிளப்ப முற்படுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அது உயிருக்கே உலை வைக்கும் செயல். ஏன் என்பதை உணர, புறப்பாட்டு மின்வழியின் அமைப்பை அறிதல் வேண்டும்.

முற்காலத்தில் எஞ்சின்களைக் கைப்பிடியால் சுழற்றியே கிளப்பினர். எஞ்சின் எதிர்த்துச் சுழன்றால் கை எலும்பு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சாரக் கிளப்பி, காடிலாக் நிறுவனத்தின் 1912ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இடம்பெற்றது. இன்று டிராக்டருக்கும், அமர்ந்தோட்டும் புல்வெட்டி வண்டிக்கும் அம்முறையே அடிப்படையாகும்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தடித்த கம்பி வழி. பாட்டரியிலிருந்து கிளப்பு மோட்டாருக்குச் செல்வது. டிராக்டரில் இதன் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாயும். அதனைச் சாவியே தாங்கினால் சாவி கருகிவிடும். ஆகவே மற்றொரு மெல்லிய வழி வைத்தனர். சாவியைத் திருப்பியதும் அவ்வழியே சிறிதளவு மின்சாரம் சொலினாய்டு என்னும் சுருளுக்குச் சென்று, அதனைக் காந்தமாக்குகிறது. காந்தம் உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுக்க, மோட்டாரின் சிறு பற்சக்கரம் எஞ்சினின் பெரிய பல்வட்டத்தோடு பொருந்துகிறது. தடித்த வழியும் இணைகிறது. ஒரு சிறுவன் மடைப்பலகையைத் தூக்க, ஏரி நீர் பாய்வது போன்றதே இது.

அந்த மெல்லிய வழியிலேதான் காவல் ஸ்விட்சுகள் உள்ளன. பல டிராக்டர்களில் கியர் நியூட்ரலில் இருந்தாலன்றி, அல்லது கிளட்ச் முழுதும் மிதிக்கப்பட்டாலன்றி, சொலினாய்டுக்கு மின்சாரம் செல்லாது. புல்வெட்டி வண்டியிலோ பிரேக் மிதிக்கப்பட்டிருத்தலும், வெட்டும் கத்தி விடுபட்டிருத்தலும் வேண்டும். திருப்புளியால் இணைப்பவர் இக்காவல்கள் அனைத்தையும் தாண்டிவிடுகிறார். அவர் நிற்பதோ பின்சக்கரத்தின் முன்னே! கியர் விழுந்திருந்தால், எஞ்சின் கிளம்பிய கணமே சக்கரம் அவர்மீது ஏறிவிடும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆதலின் இழுத்து நிறுத்தும் விசையுள்ள பழைய வண்டிகள் சாவியின்றியும் கிளம்பிவிடக் கூடும். இவ்விதம் மாண்டோர் பல நாடுகளிலும் உண்டு.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? ஓசையைக் கேளுங்கள். ‘டிக் டிக்’கென்று விடாது ஒலித்தால் பாட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது அதன் முனைகளில் களிம்பு படிந்திருக்கலாம். ஒரே முறை அழுத்தமாக ஒலித்து நின்றால் சொலினாய்டின் தொடுமுனையையோ, தடித்த கம்பியையோ, மோட்டாரையோ ஐயுறலாம். ஓசையே இல்லையெனில் கியரையும் கிளட்சையும் முதலிற் பார்த்து, பின்னர் ப்யூஸ், சாவி, காவல் ஸ்விட்சு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

நன்கு மின்னேற்றிய பாட்டரி, ஓய்விலிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்; 12 வோல்ட்டுக்குக் கீழிறங்கினால் மின்னேற்றம் அவசியம். முனைகளைத் துலக்குமுன் எதிர்மின் கம்பியை முதலிற் கழற்றி, இறுதியில் மாட்டுக. மின்னேறும் பாட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிப்படுமாதலின், அருகே பீடியோ தீக்குச்சியோ கூடாது. ஒரு முறைக்குப் பத்து வினாடிக்கு மேல் மோட்டாரைச் சுழற்றாமல், சற்று ஆறவிட்டு மீண்டும் முயல்க.

பழுதான காவல் ஸ்விட்சின் கம்பிகளை முறுக்கி இணைத்துவிட்டு, “வேலை முடிந்தது” என்பாரும் உளர். அந்த டிராக்டர் நாளை வேறோர் அங்கத்தினர் வயலுக்குச் செல்லும். செய்த காரியத்தை அறியாத வேறொருவர் அதிலேறிச் சாவியைத் திருப்புவார். எனவே பழுதான ஸ்விட்சை மாற்றும் செலவை நிர்வாகக் குழுவினர் ஒத்திப்போடலாகாது; சொலினாய்டின் மூடி கழன்றிருந்தால் உடனே பூட்டச் செய்தல் வேண்டும். இருக்கையில் அமர்ந்தன்றி எவரும் எஞ்சினைக் கிளப்பலாகாது என்பதைச் சங்கத்தின் விதியாகவே கொள்வோமாக. ஒரு நாள் உழவு தவறினால் மறுநாள் உழலாம். போன உயிரை எந்த மெக்கானிக்கும் மீட்டுத் தர இயலாது.