ஓரத்தைக் கொடுத்து நடுவை வாங்கிய ஆட்டம்

மூன்று சிப்பாய்கள். தோளோடு தோள் உரசி ஒரே வரிசையில் நிற்கின்றன. இன்னும் ஒரு கட்டம் போனால் ஒவ்வொன்றும் ராணி. எதிரே வெள்ளையிடம் ராணியும் யானையும் இருக்கின்றன. ஆனாலும் வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது.

1834-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் செஸ் கிளப்பில் பெல்ஃபாஸ்ட்காரர் மெக்டொனலும் பிரான்ஸின் லா பூர்தொனேயும் ஆடிய 85 ஆட்டங்களில் 62-ஆவது இது. கறுப்பில் ஆடிய லா பூர்தொனே கையிலெடுத்தது சிசிலியன் டிஃபென்ஸ்.

வெள்ளை, ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. அதே மாதிரி பதில் சொல்வதுதான் அன்றைய வழக்கம். சிசிலியனில் கறுப்பு, ராணிப் பக்கத்து பிஷப்பின் சிப்பாயை நகர்த்தும். அடுத்து வெள்ளை தன் குதிரையை வெளியே எடுத்து, ராணிச் சிப்பாயை நடுவுக்குக் கொண்டுவந்தால், பிஷப்பின் சிப்பாய் அதைக் குறுக்கே வெட்டும். வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டும். ஆளுக்கு ஒரு சிப்பாய் போயிற்று, கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் வெள்ளை இழந்தது நடுச் சிப்பாய், கறுப்பு கொடுத்தது ஓரத்துச் சிப்பாய். ஊர்க்கோடி மனையைக் கொடுத்துக் கடைத்தெரு மனையை வாங்கிய மாதிரி.

லாபம் உடனே கைக்கு வராது. இந்த ஆட்டத்தில் 12-ஆவது நகர்த்தல் முடிந்தபோது நடுவில் கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள், வெள்ளைக்கு ஒன்றுமில்லை. பிறகு ராஜா பக்கத்து பிஷப்பின் சிப்பாயும் சேர்ந்துகொண்டது. 22-ஆவதில் வெள்ளை பிஷப் கறுப்பு ராணியையும் அதற்குப் பின்னால் நின்ற யானையையும் குறிவைத்தது. லா பூர்தொனே யானையைக் காப்பாற்றவில்லை. ராணியை எதிரி ராஜாவின் பக்கம் கொண்டுபோனார். யானை விழுந்தது. பதிலுக்கு ஒரு சிப்பாய் குதிரையை வெட்டி முன்னேறியது.

மெக்டொனலும் சும்மா இருக்கவில்லை. அவருடைய சிப்பாய் ஒன்றும் ராணியாக ஒரே கட்டம் பாக்கி என்ற இடம்வரை வந்துவிட்டது. அந்தக் கடைசிக் கட்டத்தில் கறுப்பு பிஷப் போய் உட்கார்ந்துகொண்டது. 36-ஆவதில் லா பூர்தொனே தன் ராணியையே ஒரு யானைக்காக விட்டுக்கொடுத்தார். 37-ஆவதில் மூன்றாவது சிப்பாயும் வரிசைக்கு வந்து நின்றது.

பலகையை எடுத்துவைத்து அந்த மூன்றும் எங்கிருந்து கிளம்பின என்று பின்னோக்கித் தேடிப் பாருங்கள். ராணியின் நெடுவரிசையில் நிற்பது ராணிச் சிப்பாய் அல்ல. குதிரைக்கு முன்னால் ஓரமாக நின்றது, இரண்டு முறை குறுக்கே வெட்டி நடுவுக்கு வந்திருக்கிறது.